சிங்கப்பூரில் வண்ணத்துப்பூச்சிகளையும் காட்டுயிர்களையும் படமெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தச் சிறிய தீவில் 300-க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றைப் படமெடுக்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்றுதான். லென்ஸைப் பற்றிக் கீழே விரிவாகவே சொல்லியிருக்கிறோம். ஆனால் அரிய பூச்சி ஒன்று கண்ணில் படுவதும் படாததும் செடியைப் பொறுத்தது, நேரத்தைப் பொறுத்தது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறோம்.

எந்த நேரத்தில் போனால் பூச்சிகள் கிடைக்கும்?

இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய காலை 7 மணிக்கு உதித்து மாலை 7 மணிக்கு மறைகிறது. எட்டு, எட்டரை மணிக்கு வெயில் இலைகள்மேல் விழத் தொடங்கும்போது வண்ணத்துப்பூச்சிகள் சிறகை விரித்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும். சிறகின் மேற்புறத்தைப் படமெடுக்க அதுவே நல்ல நேரம். உடம்பு சூடானதும் பறக்கத் தொடங்கிவிடும். ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை பூக்களுக்கு வரும். அப்போது எண்ணிக்கை அதிகம், ஆனால் ஓரிடத்தில் நிற்காது. நண்பகலில் வெளிச்சம் தலைக்கு நேர் மேலிருந்து கொட்டுவதால் சிறகு வெளுத்து, உடம்பு இருண்டுபோகும். அந்த நேரத்தை நிழலான காட்டுப் பாதைகளுக்கு ஒதுக்கலாம். மாலை நான்கரைக்குப் பிறகு இன்னொரு நல்ல ஒன்றரை மணி நேரம் உண்டு.

எல்லா இனங்களும் இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. ஈவினிங் பிரவுன் வகைகள் பகலெல்லாம் சருகுக்குள் ஒளிந்திருந்து, அந்தி மங்கும்போதுதான் எழும்பும். சில ஸ்கிப்பர் இனங்களோ விடிந்தும் விடியாமலும் பறந்து, வெயில் ஏறியதும் இலையடியில் ஒதுங்கிவிடும்.

மழை நின்று வெயில் திரும்பும் முதல் அரை மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். ஒதுங்கியிருந்த பூச்சிகள் எல்லாம் ஒரே சமயத்தில் இலைமேல் வந்து வெயில் காயும்.

எந்த மாதம் நல்லது?

குளிர்காலம் இல்லாததால் எந்த மாதமும் வெறுமையாக இருப்பதில்லை. வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரமான கட்டமான டிசம்பர், ஜனவரி மாதங்களில் நாள் முழுக்க மழை பெய்து பயணம் வீணாகலாம். பிப்ரவரி வறண்டிருக்கும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் காலை தெளிவாக இருந்து பிற்பகலில் இடி மழை வரும். விடியற்காலையே கிளம்புபவர்களுக்கு அது தடையே இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை, விடியும் முன்னரோ காலையிலோ சுமத்ராவிலிருந்து வரும் திடீர்ப் புயல்மழையைக் கவனியுங்கள். நல்ல மழைக்குப் பின் செடிகள் புதுத் துளிர் விடும். துளிரைத் தின்று புழுக்கள் வளரும். ஆகவே மழை ஓய்ந்த சில வாரங்களில் பூச்சிகள் பெருகுவதை எதிர்பார்க்கலாம்.

எங்கே போவது? சிங்கப்பூரில் நாட்டுப்புறம் என்று ஏதாவது இருக்கிறதா?

நாட்டுப்புறத்துக்கு மிக நெருக்கமானவை புலாவ் உபின் தீவும், வடமேற்கில் கிராஞ்சி, லிம் சூ காங் பகுதியும்தான். உபினில் வண்ணத்துப்பூச்சிகளுக்கென்றே செடிகள் நட்டு உருவாக்கிய குன்று ஒன்று இருக்கிறது. சாங்கி முனைப் படகுத் துறையிலிருந்து பம்போட் எனும் சிறு மோட்டார் படகில் போகலாம். 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும் என்பதால் வார நாள் காலையில் சற்றுக் காத்திருக்க நேரிடும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது தோட்டக்கலைப் பூங்காவான ஹார்ட்பார்க். செடிகள் இடுப்புயரத்தில் இருக்கும், பாதை அகலம், பூச்சிகளும் ஆள் நடமாட்டத்துக்குப் பழகியவை. ஒரு மாதம் அங்கே கை பழகிய பிறகு டெய்ரி ஃபார்ம், வின்ட்சர், தாம்சன் இயற்கைப் பூங்காக்களுக்குப் போங்கள். காட்டின் ஓரமும் திறந்த வெளியும் சந்திக்கும் இடங்களில்தான் இனங்கள் அதிகம். அடர்காட்டின் நடுவில் வெளிச்சமும் குறைவு, பூவும் குறைவு.

அரிய இனங்கள் எங்கே இருக்கின்றன என்று சரியான இடத்தைச் சொல்ல முடியுமா?

இடத்தைச் சொல்வதில்லை. கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறோம். அது எல்லா இடத்துக்கும் உதவும்.

ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சியும் குறிப்பிட்ட சில செடிகளில் மட்டுமே முட்டையிடும். அந்தச் செடியை அடையாளம் காணத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 2015-இல் சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காமன் ரோஸ், தமிழில் ரோஜா அழகி எனப்படுவது, அரிஸ்டொலோகியா கொடியில்தான் முட்டையிடும். நம் ஈஸ்வரமூலியும் அந்த இனக் கொடிதான். அதைவிடப் பெரியதும், கருஞ்சிறகில் மஞ்சள் மின்னுவதுமான காமன் பேர்ட்விங்குக்கும் அதே கொடியே உணவு. ஒரு பூங்காவில் அந்தக் கொடியைப் பார்த்தால் இலையின் அடிப்பக்கத்தைக் கவனித்து, அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வாருங்கள்.

எருக்குக்கு வெந்தய வரியன் வரும். சாலையோரப் பெருமரங்களின் கிளைகளில் ஒட்டி வளரும் புல்லுருவியை நம்பிப் பெயின்டட் ஜெஸபெல் வாழ்கிறது. உயரத்தில் பறக்கும் அந்தப் பூச்சிக்காகக் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பதைவிட, அருகில் பூத்திருக்கும் இட்லிப்பூச் செடியின் பக்கத்தில் நிற்பது பலன் தரும். காலையில் தேனுக்குக் கீழே இறங்கும்.

தேள்கொடுக்குச் செடியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தேள் வால்போல வளைந்த பூங்கொத்து உள்ளது; நம் ஊரில் களை என்று பிடுங்கி எறிவோம். அதன் காய்ந்த தண்டிலும் இலையிலும் உள்ள ஒருவகை ஆல்கலாய்டுக்காக வரியன் கூட்டத்து ஆண் பூச்சிகள் தேடி வந்து உறிஞ்சும். இணை சேர்வதற்கான வாசனைப் பொருளைத் தயாரிக்க அவற்றுக்கு அது வேண்டும். உறிஞ்சும்போது நெருங்கினாலும் எளிதில் பறப்பதில்லை. கிலுகிலுப்பைச் செடிக்கும் இதே ஈர்ப்பு உண்டு.

காட்டுப் பாதையில் பழுத்து விழுந்து அழுகிய பழம் கிடக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்ச்ட்யூக், சாட்டர்ன் போன்ற காட்டினங்கள் பூவுக்கு வருவதில்லை, அழுகிய பழச் சாற்றுக்கே வரும். மழைக்குப் பின் ஈரமான மணலில் ஆண் பூச்சிகள் உப்புச் சத்துக்காக இறங்கி உறிஞ்சுவதும் நல்ல வாய்ப்பு.

எந்த லென்ஸ்?

90 முதல் 105 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஒன்று போதும். அதற்கு மேல் வாங்குவதெல்லாம் வசதிக்காகத்தான். 1:1 அளவில் (பூச்சி அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்படி) எடுக்கும்போது லென்ஸின் முன்விளிம்புக்கும் பூச்சிக்கும் இடையில் சுமார் 13 முதல் 15 செ.மீ. மட்டுமே இருக்கும். பயப்பட வேண்டாம், பெரிய பூச்சிகளுக்கு 1:1 தேவைப்படாது. 36 மி.மீ. அகலமுள்ள முழுச்சட்டச் சென்சாரில், எட்டு செ.மீ. விரிந்த சிறகை நிரப்ப ஏறக்குறைய 1:2.5 அளவே போதும்; அதை அரை மீட்டர் போலத் தள்ளி நின்றே எடுக்கலாம். சிறகை மூடி உட்கார்ந்த, நீலன் எனப்படும் சிறு வண்ணத்துப்பூச்சிகளுக்குத்தான் 1:1 பக்கம் போக வேண்டும்.

ஏற்கெனவே 70-300 மி.மீ. லென்ஸ் இருந்தால் புது லென்ஸ் வாங்காமலே தொடங்கலாம். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நீட்டிப்புக் குழாய். கூடும் உருப்பெருக்கம் என்பது குழாயின் நீளத்தைக் குவிய நீளத்தால் வகுத்தால் வருவது. 25 மி.மீ. குழாய் 100 மி.மீ. லென்ஸில் 0.25 கூட்டும், 300 மி.மீ. லென்ஸில் 0.08 மட்டுமே கூட்டும். அதனால் நீண்ட லென்ஸுக்குக் குழாய் அவ்வளவு பயன்படாது. அதற்கு ஏற்றது இரண்டாவது வழி: முன்னால் மாட்டும் குளோஸ்-அப் லென்ஸ். அதன் திறனைக் குறிக்கும் டயாப்டர் எண்ணால் 1000-ஐ வகுத்தால், பிரதான லென்ஸின் ஃபோகஸைத் தொலைவில் வைத்திருக்கும்போது பொருள் இருக்க வேண்டிய தூரம் மி.மீ. கணக்கில் கிடைத்துவிடும். +2 டயாப்டருக்கு 500 மி.மீ.; ரேனாக்ஸ் டிசிஆர்-150 போன்ற +4.8-க்கு சுமார் 208 மி.மீ. வண்ணத்துப்பூச்சிக்கு +2 வகையே நல்லது: 300 மி.மீ.-இல் 0.6 அளவு கிடைக்கும், அரை மீட்டர் இடைவெளியும் மிஞ்சும். +4.8 வகையை எறும்பு, சிலந்தி, முட்டை, புழுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கண்ணாடி உள்ள அக்ரோமாட் வகையையே வாங்குங்கள். மலிவான ஒற்றைக் கண்ணாடியில் சிறகின் விளிம்பில் ஊதா நிறம் படரும்.

கைப்பேசியில் முடியாதா?

முடியும். கைப்பேசியின் மேக்ரோ முறை பெரும்பாலும் அகலக்கோண லென்ஸைப் பயன்படுத்துகிறது. பூச்சிக்கு இரண்டு மூன்று செ.மீ. அருகில் போக வேண்டியிருப்பதால் நிழல் விழுந்து அது பறந்துவிடும். அந்த முறையை அணைத்துவிட்டு, மூன்று மடங்கு டெலி லென்ஸில் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். திரையைத் தொட்டுப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்ச அளவைச் சற்றுக் குறையுங்கள்.

அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ: எங்கிருந்து தொடங்கலாம்?

அபர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப்/8, ஷட்டர் 1/320 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) தானியங்கி, அதற்கு மேல்வரம்பு 3200. இங்கிருந்து தொடங்குங்கள். காற்று அடித்தால் 1/500-க்குப் போங்கள். பறக்கும்போது பிடிக்க 1/2000-க்குக் குறையக் கூடாது.

அபர்ச்சரை எவ்வளவு சுருக்குவது என்பதுதான் பலரையும் குழப்புவது. முழுச்சட்டக் கேமராவில் எஃப்/11 வைத்தால், 1:4 அளவில் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 13 மி.மீ. 1:2-இல் 4 மி.மீ. 1:1-இல் வெறும் 1.3 மி.மீ. "அப்படியானால் எஃப்/22 வைத்துவிடலாமே" என்று தோன்றும். ஆனால் 1:1-இல் லென்ஸ் நீள்வதால் எஃப்/11 என்பதே உண்மையில் எஃப்/22-க்குச் சமமாக வேலை செய்கிறது. அதற்கும் மேல் சுருக்கினால் ஒளி விளிம்பில் சிதறி, படம் முழுவதும் மங்கிவிடும். செதில் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிய வேண்டிய படத்தில் அது பெரிய இழப்பு. ஆகவே எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் இடையில் நின்றுகொண்டு, மீதியைக் கோணத்தால் சரிசெய்யுங்கள்: கேமராவின் பின்பக்கம் சிறகின் தளத்துக்கு இணையாக இருக்கட்டும். மூடிய சிறகு ஒரு தட்டையான பரப்பு. இணையாக நின்றால் எஃப்/5.6-இல்கூட ஓரத்திலிருந்து ஓரம்வரை தெளிவாக வரும்; பத்து டிகிரி சாய்ந்தாலே வால் மங்கும்.

வெளிச்ச அளவை மாற்றுவதில் (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) ஒரு விதி. சட்டத்தை நிரப்புவது எது என்று பாருங்கள். காமன் ரோஸ் போன்ற கறுப்புப் பூச்சி சட்டத்தை நிரப்பினால், கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், அதனால் -0.7. வெள்ளைப் பூச்சி நிரப்பினால் +0.7. ஆனால் சிறிய வெள்ளைப் பூச்சி இருண்ட காட்டுப் பின்னணியில் இருந்தால் நேர்மாறாக -1 வரை குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கேமரா மாற்றாமல் அப்படியே சேமிக்கும் ரா வடிவத்தில் எடுத்தால் கறுப்புச் சிறகின் நிழலைப் பின்னால் மீட்கலாம். வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

ஃப்ளாஷ் போடலாமா?

பகலில், பூச்சிகளுக்கு, மென்மையாக்கி, குறைவாகப் போடலாம். காட்டு நிழலில் -1 முதல் -1.7 வரை குறைத்த நிரப்பொளி போதும். ஃப்ளாஷ் தலையைவிட மென்மையாக்கும் தாள் பெரியதாகவும் பூச்சிக்கு அருகிலும் இருக்க வேண்டும். தூரத்தில் இருக்கும் சிறிய மூடியால் பயனில்லை. பின்னணி கன்னங்கரேலென்று வந்தால் ஷட்டர் வேகத்தைக் குறைத்து ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள், சுற்றுப்புற வெளிச்சமும் பதிவாகும். பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250-க்கு மேல் போனால் அதிவேக ஒத்திசைவு முறை வேண்டும். அதில் ஃப்ளாஷின் வலு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆந்தை, மரத்துக்கு மரம் சறுக்கித் தாவும் கொலுகோ, தேவாங்கு போன்ற இரவுயிர்களுக்கு ஃப்ளாஷ் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்கள் அவை.

அருகில் போனதும் பறந்துவிடுகிறதே?

பூச்சிக்கு உங்கள் உருவத்தைவிட அசைவும் நிழலும்தான் எச்சரிக்கை. முதலில் சூரியன் எங்கே என்று பாருங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழாத பக்கத்திலிருந்து அணுகுங்கள். மூன்று மீட்டரில் ஒரு பதிவுப் படம் எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு மீட்டர், பிறகு ஒரு மீட்டர். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, அது சிறகை அசைக்காமல் உறிஞ்சுகிறதா என்று கவனியுங்கள். உணர்கொம்பை உயர்த்திச் சிறகைப் படபடக்கத் தொடங்கினால் அசையாமல் நில்லுங்கள். பக்கவாட்டில் நகர்வதைவிட நேர்கோட்டில் முன்னால் போவது அதற்குக் குறைவாகத் தெரியும். கேமராவை முகத்துக்கு உயர்த்தும் கையசைவில்தான் பாதிப் பூச்சிகள் பறக்கின்றன. தூரத்திலேயே கேமராவைக் கண்ணுக்கு வைத்துக்கொண்டு நகருங்கள். கழுத்தில் தொங்கும் பட்டை செடியில் உரசாமல் சுருட்டிக்கொள்ளுங்கள்.

பறந்துவிட்டால் துரத்தாதீர்கள். ஆர்ச்ட்யூக் உட்பட எல்லைக் காவல் செய்யும் ஆண் பூச்சிகள் பல, ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே வெயில் திட்டுக்கோ அதே இலைக்கோ திரும்பும். அந்த இலையை முன்கூட்டியே ஃபோகஸ் செய்து ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

சிறு நீலன்களில் பலவற்றுக்குப் பின்சிறகின் முனையில் மெல்லிய வாலும் கண்புள்ளியும் இருக்கும். அதை மேலும் கீழும் ஆட்டிப் போலித் தலைபோல் காட்டும். பறவை அங்கே கொத்தட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. புதியவர்கள் அந்தப் பக்கத்தைத் தலை என்று நினைத்து ஃபோகஸ் செய்வதுண்டு. ஃபோகஸ் எப்போதும் உண்மையான கண்ணில் இருக்கட்டும்.

படங்கள் ஏன் தெளிவாக வரவில்லை?

கண் தெளிவு, சிறகின் ஓரம் மங்கல் என்றால் இணைக்கோணம் தவறியிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைவு. பூச்சி மட்டும் மங்கி, இலை தெளிவாக இருந்தால் பூச்சி அசைந்திருக்கிறது, ஷட்டரைக் கூட்டுங்கள். பூச்சிக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள இலை தெளிவாக இருந்தால், நீங்கள் ஃபோகஸ் செய்த பிறகு முன்னும் பின்னும் ஆடியிருக்கிறீர்கள். தொடர் ஃபோகஸ் முறையில் வைத்து, வரிசையாக ஐந்தாறு படம் எடுத்தால் ஒன்றாவது சரியாக விழும்.

காட்டுக்குள் எடுத்த படத்தில் பச்சை ஏறியிருப்பது இலைகளில் பட்டுத் திரும்பும் ஒளியால். ஒரு சாம்பல் அட்டையை அதே நிழலில் படமெடுத்து வெண்சமநிலையைச் சரிசெய்யுங்கள். புள்ளி புள்ளியாக வெயில் விழும் இடத்தில் எந்த அமைப்பும் கைகொடுக்காது. மேகம் வரும்வரை காத்திருப்பதே வழி.

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் சேற்றுப் பரப்பின் குறுக்கே 500 மி.மீ. லென்ஸில் எடுத்த பறவை கொழகொழவென்று வந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்று ஒளியை அலைக்கழிக்கிறது. காலை முதல் இரண்டு மணி நேரத்தில் எடுங்கள், அல்லது பறவை அருகில் வரும்வரை பொறுங்கள்.

பழம் வைத்து ஈர்க்கலாமா? குளிர்பெட்டியில் வைத்து எடுக்கலாமா?

இரண்டும் கூடாது. பழம் வைத்தால் பூச்சிக்கு முன்னால் குரங்கும் காட்டுப் பன்றியும் வந்து சேரும். மனிதரிடம் உணவு எதிர்பார்க்கப் பழகிய குரங்கு பிறகு வீடுகளுக்குள் நுழையும், கடைசியில் தண்டனை அதற்குத்தான். குளிர வைத்தும், சிறகைப் பிடித்தும், பசை தடவியும் எடுத்த படம் பார்த்தாலே தெரியும்: கால்கள் இலையைப் பற்றியிருக்காது, உணர்கொம்பு தொங்கும். விரலில் ஒட்டும் தூள் அதன் சிறகுச் செதில், அது மறுபடி முளைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடோர் ஆகிய நான்கும் இயற்கை வனக் காப்பகங்கள். அங்கே எதையும் பிடிக்கவோ பறிக்கவோ கூடாது, பாதையை விட்டு விலகவும் கூடாது. விலகினால் 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். புக்கிட் தீமாவும் சுங்கை பூலோவும் காலை 7 முதல் மாலை 7 வரைதான். 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி, தீவில் எங்கே காட்டுயிருக்கு உணவு கொடுத்தாலும் முதல் முறை 5,000 வெள்ளி வரையும், மறுமுறை 10,000 வெள்ளி வரையும் அபராதம். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் பூங்காக்களில் டிரோன் பறக்கவிட முடியாது. வணிக நோக்கத்துக்கான படப்பிடிப்புக்கும் அனுமதி வேண்டும்.

பறவைகள், நீர்நாய்கள், மற்ற விலங்குகள்?

வலசைப் பறவைகளுக்குச் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சுங்கை பூலோ. அலை அட்டவணையைப் பார்க்காமல் போகாதீர்கள். கடல் ஏறும்போது வெளிச்சேறு மூழ்கி, பறவைகள் உள்குளங்களுக்கு ஒதுங்கும். உச்ச அலைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக மறைவிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். உபினின் செக் ஜாவா கடலோர ஈரநிலத்துக்குக் கணக்கு நேர்மாறு: கடலடி உயிர்களைப் பார்க்க அலை 0.5 மீட்டரோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும்.

நீர்நாய்க் குடும்பங்கள் பீஷான்-அங் மோ கியோ பூங்கா முதல் நகர நடுவே உள்ள கால்வாய்கள் வரை திரிகின்றன. தரைமட்டத்தில் படுத்து, 200 முதல் 400 மி.மீ.-இல், குறைந்தது பத்து மீட்டர் தள்ளி எடுங்கள். அவை தண்ணீருக்குப் போகும் வழியை மறிக்காதீர்கள். குட்டியோடு இருக்கும் நீர்நாய் கடிக்கும்.

கொலுகோ பகலில் மரத்தண்டில் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும். தண்டின் நேர்க்கோட்டில் புடைப்பு ஒன்று தெரிகிறதா என்று தேடுங்கள்.

பறவைக் கூட்டைப் பொறுத்தவரை எங்கள் கருத்து உறுதியானது: கூட்டின் முன் காத்திருந்து எடுக்க வேண்டாம். தாய்ப்பறவை வாயில் இரையோடு பக்கத்துக் கிளையில் தயங்கி நின்றால், தடையாக இருப்பது நீங்கள்தான். மறைக்கும் கிளையை ஒடித்தால் வெயிலும் காகமும் குஞ்சை அடைந்துவிடும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் அதே வகைத் தொல்லை. எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து, உண்ணாமல் அலையும். உலகில் அழிவின் விளிம்பில் இருக்கும் ஸ்ட்ரா-ஹெடட் புல்புல் இன்னும் பாடுகிற ஒருசில இடங்களில் உபினும் ஒன்று. இனிய குரலுக்காகவே பிடித்துப் பிடித்து மற்ற நாடுகளில் தீர்ந்துபோன பறவை அது. அதன் முன்னால் ஒலிபெருக்கி எதற்கு?

ஈரப்பதத்தால் கேமரா கெடுமா?

கெடும். 60 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் நீடித்தால் லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். இங்கே வெளிக்காற்றின் ஈரம் பெரும்பாலும் 80-ஐத் தாண்டியே இருக்கும். 40 முதல் 50 விழுக்காட்டில் வைக்கும் மின் உலர்பெட்டி நல்ல முதலீடு. அதற்கும் கீழே இறக்கினால் ரப்பர் வளையங்கள் காய்ந்துவிடும். குளிரூட்டிய அறையிலிருந்தோ எம்ஆர்டி ரயிலிலிருந்தோ வெளியே வந்ததும் லென்ஸில் பனி படரும். துணியால் துடைக்கத் துடைக்கத் திரும்பவும் படரும். கேமராவை இறுக மூடிய பையிலேயே வைத்து, இருபது முப்பது நிமிடம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு எடுங்கள். இரவே படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

என்ன ஆபத்துகள் உண்டு?

அதிகம் இல்லை, கவனம் இருந்தால். கைப்பிடிக் கம்பியிலோ கிளையிலோ சாய்வதற்கு முன் பாருங்கள்: வேக்லர் விரியன் தாழ்ந்த கிளையில் நாள்கணக்கில் அசையாமல் இருக்கும். முசுறு எறும்பின் இலைக்கூடு தோளுயரத்தில் தொங்கும். குரங்குகள் உள்ள பாதையில் பிளாஸ்டிக் பையைக் கையில் தூக்கிப் போகாதீர்கள், அதற்குப் பை என்றால் உணவு. சுங்கை பூலோவில் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. நீர்விளிம்புக்கு இறங்க வேண்டாம். இடி கேட்டால் சதுப்புவெளியையும் கோபுரங்களையும் விட்டு உடனே இறங்குங்கள்.

கொசு மருந்து அவசியம், ஆனால் டீட் உள்ள மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும். பூசியதும் உள்ளங்கையைக் கழுவிவிட்டுக் கேமராவைத் தொடுங்கள். பிகாரிடின் வகையில் இந்தச் சிக்கல் இல்லை.

வெளியே போக நேரமில்லை. வீட்டிலேயே எடுக்க முடியுமா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில் ஓர் எலுமிச்சைத் தொட்டியும் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியும் இருந்தால் போதும். எலுமிச்சைக்கு எலுமிச்சை அழகி வரும், கறிவேப்பிலைக்கு காமன் மார்மன் எனும் கறிவேப்பிலை அழகி வரும். முட்டை சுமார் மூன்று நாளில் பொரியும். புழு முதலில் பறவை எச்சம்போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருந்து, கடைசித் தோலுரிப்பில் பச்சையாகும். இரண்டு வாரத்தில் கூட்டுப்புழு, அதற்குப் பின் ஒரு வாரத்தில் பூச்சி. கூட்டுப்புழுவின் தோல் வழியே சிறகின் நிறம் தெரியத் தொடங்கினால் மறுநாள் காலை வெளிவரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவே கேமராவை முக்காலியில் பொருத்தி, சன்னல் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். தோலைப் பிளந்து வெளியே வருவது ஒரு நிமிட வேலை. சிறகு விரிய அரை மணி நேரத்துக்குள்தான் ஆகும். அப்போது தொங்கி நிற்க இடம் வேண்டும். கீழே விழுந்தால் சிறகு கசங்கியபடியே காய்ந்துவிடும்.

கடையில் வாங்கிய செடியில் பூச்சிமருந்து இருக்கலாம், சில வாரம் தண்ணீரால் அலசிவிட்டுப் புதுத் துளிர் வந்த பிறகு நம்புங்கள். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விடுங்கள். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், டெங்கி கொசுவுக்கு அது போதும்.

படத்தைப் பகிரும்போது இடத்தைச் சொல்லலாமா?

பூங்காவில் உள்ள எலுமிச்சை அழகிக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். அழுங்கு, தேவாங்கு, ஆந்தைக் கூடு, அரிய பூச்சியின் உணவுக்கொடி ஆகியவற்றுக்குச் சொல்லாதீர்கள். கோப்பில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் தகவலை நீக்கிவிட்டே ஏற்றுங்கள். பின்னணியில் தெரியும் பலகை எண்ணும் கம்பிவேலியும்கூட இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆய்வுக்குப் பயன்பட வேண்டுமென்றால் உயிரினப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்டில் பதிவுசெய்யலாம். அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தை அது தானாகவே மங்கலாக்கிக் காட்டும். இனம் கண்டறிய மேற்சிறகு, கீழ்ச்சிறகு இரண்டும் தெரியும் படங்கள் தேவை. சிறு நீலன்களிலும் ஸ்கிப்பர்களிலும் கீழ்ச்சிறகின் புள்ளிகள் இல்லாமல் பெரும்பாலும் முடிவு சொல்ல இயலாது.

அடிபட்ட விலங்கைக் கண்டால்?

தொடாதீர்கள். தண்ணீரோ உணவோ புகட்டாதீர்கள். தள்ளி நின்று ஒரு படம் எடுத்து, அருகில் உள்ள விளக்குக் கம்ப எண்ணையோ பாதைப் பலகையையோ குறித்துக்கொண்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண்ணான 1800-476-1600-க்கு அழையுங்கள். குஞ்சுப்பறவை தரையில் தத்தித் தத்தி நடந்தால் அது பெரும்பாலும் பறக்கப் பழகும் பருவம்; தாய் பக்கத்து மரத்தில் இருக்கும். பாதையின் நடுவில் இருந்தால் மட்டும், ஆட்கள் மிதிக்காமல் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.